ஜெனிவாக்காரருக்குக் கூழ்

எங்கள் வீட்டில் பங்குனியும் புரட்டாதியும் ஜெனிவா மாதங்கள். மற்ற வீடுகளில் கிரிக்கெட் பார்ப்பார்கள், நாங்கள் மனித உரிமைச் சபை பார்ப்போம். நெடுந்தீவில் எங்கள் வளவுக்குள் குசினி யன்னலடியில்தான் போனுக்கு ஒழுங்காக சிக்னல் வரும். மாப்பேணிக்கும் உப்புப் போத்தலுக்கும் நடுவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அக்கா மீன் வெட்டுவாள், நான் தேங்காய் திருவுவேன். போனுக்குள் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசும். ஒவ்வொரு நாட்டுக்கும் சொற்ப நேரம். நேரம் முடிந்தால் தலைவர் நன்றி சொல்லி ஒலிவாங்கியை நிறுத்திவிடுவார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளிலும் இந்தக் கண்டிப்பு இருந்தால் எவ்வளவு நல்லது என்று நான் நினைப்பதுண்டு. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தாலும் எங்கள் நாட்டின் முறை வரும்போது கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

"எங்கடையாக்கள் வந்திட்டினமோ?" என்று கேட்பாள்.

அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவை எங்கடையாக்களோ?" என்று ஒரு முறை சீறினேன்.

"பின்னை ஆற்றையாக்கள்? எங்கடை நாட்டுக் கதிரையிலைதானே இருக்கினம்" என்றாள் அக்கா.

போனுக்குள் நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அவர்கள் இருந்த ஆசனத்தைப் பார்த்தேன். கதிரை எங்களுடையதுதான்.

அக்காவுக்கு ஜெனிவாவில் இருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய மகனின் கதையை அந்தச் சபையில் யாராவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் படகு எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனவன் அவன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸில் இருந்து இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர் யாரும் இல்லை. அக்கா போய்ச் சொல்லாத அலுவலகம் இல்லை, ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கொஞ்சக் காலத்தில் அக்கா அலுத்துப்போய், அவர்களை விட்டுவிட்டு ஜெனிவாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர் சொல்ல வேண்டாம். நெடுந்தீவிலை ஒரு பெடியன் எண்டு சொன்னாலும் காணும். எல்லா நாடும் இருக்கேக்கை சொன்னால், எங்கடையாக்கள் மறுமொழி சொல்லத்தானே வேணும்" என்பாள்.

எனக்கு அவன் பெறாமகன். என் மடியில் கிடந்து ஆங்கில எழுத்துப் படித்தவன். அவனைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் காணாமல் போய்ச் சில வருடங்களின் பின், எங்கோ அடைபட்டிருந்து வெளியே வந்த ஒருவரை அக்கா தேடிப்போய்க் கண்டாள். அவர் எங்கள் பிள்ளையைக் கண்டதில்லை. தன் கதையைத்தான் சொன்னார். அடைத்து வைத்திருந்த இடத்தில் தண்ணீருக்குத் தவித்தபோது, ஆள் மாறிய வேளையில் வந்த வயதான காவல்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து தந்தாராம். யாரென்றே தெரியாதாம். அக்கா அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் தன் பிள்ளைக்கும் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கொடுப்பார். அதற்குப் பதிலாகத் தன் வீட்டுப் படலைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குத் தான் கொடுக்க வேண்டும். யாருடன் இந்த ஒப்பந்தம் செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கடவுளாகத்தான் இருக்க வேண்டும். அவள் ஒரு நாள் பூசையும் தவறாதவள்.

அன்று தொடக்கம் எங்கள் வீடு மடமாகிவிட்டது. தண்ணி பவுசர்க்காரர், தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வருகிற உல்லாசப் பயணிகள், வழி கேட்டு நிற்கிற கடற்படைப் பெடியன், யார் வந்தாலும் அக்கா விடமாட்டாள். எங்கள் கிணறு உவர். நல்ல தண்ணீர் குழாயடியில் போய்ப் பிடித்து வர வேண்டும். பிடித்து வருவது நான். "தண்ணி சுமக்கிறது நான், புண்ணியம் உனக்கோ?" என்று முணுமுணுப்பேன். அக்கா சிரித்துவிட்டுச் செம்பை நிரப்பி நீட்டுவாள்.

ஒரு நாடு ஏன் ஜெனிவாவுக்குப் போகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கோபதாபமான சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவது போலத்தான் அது என்று எனக்குப் படும். போகாமல் விட்டால் ஊர் கதைக்கும். போனால் முன்வரிசையில் இருந்து சிரித்து, படத்துக்கு நின்று, முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். வீட்டுக்குள் சண்டை இருந்தபடியே இருக்கும். ஆனாலும் போக்குவரத்து இருப்பது நல்லது என்று நம்புகிற ஆள் நான். கதைபேச்சே இல்லாவிட்டால் எங்கே போய் எதைக் கேட்பது?

அந்தச் சபையின் ஆங்கிலம் தனி ஆங்கிலம். கவனத்தில் எடுக்கிறோம் என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். கவலைக்கும் ஆழ்ந்த கவலைக்கும் நடுவில் நாடுகள் கிழமைக்கணக்கில் இழுபடும். ஒருநாள் இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"ஆழமாக் கவலைப்பட்டால் என்ன செய்வினம்?" என்று கேட்டாள்.

"அடுத்த முறையும் கவலைப்படுவினம்" என்றேன்.

"அதுகும் இல்லாமல் எத்தினை பேர் இருக்கினம்" என்றாள் அக்கா, மீன் செட்டையை வழித்தபடி.

இப்படி இருக்கையில்தான் ஒரு வைகாசியில் எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமியார் செய்தி கொண்டுவந்தார். ஜெனிவாவில் இருந்து ஒரு குழு இலங்கைக்கு வருகிறது. அரசாங்கமே அழைத்திருக்கிறது. விரும்பிய இடமெல்லாம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் நெடுந்தீவையும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரைக் கோயில் மண்டபத்தில் சந்திப்பார்கள். மொழிபெயர்க்க நான் வர வேண்டும்.

தாய்மார் எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அந்தக் கூட்டத்தில் இல்லை. யார் முதலில் பேசுவது, எதைச் சொல்வது என்று தீர்மானிக்கத்தான் கூடினோம் என்று நான் நினைத்தேன். பேச்சு முழுவதும் என்ன சமைப்பது என்பதிலேயே போயிற்று.

"வாறவை விருந்துக்கு வரேல்லை. கதை கேக்க வருகினம்" என்றேன் நான்.

"வெறும் வயித்தோடை எப்பிடிப் பிள்ளை கேப்பினம்?" என்றார் தாய்மார் சங்கத் தலைவி. மாடு வளர்க்கிற அம்மா. இரண்டு பிள்ளைகளைத் தொலைத்தவர். "கடல் தாண்டி வருகுதுகள். ஆர் பெத்த பிள்ளையளோ."

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் என்று முடிவானது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கூழ் என்றால் எல்லோரும் பங்கு போடலாம். ஒரு வீட்டால் நண்டு, இன்னொரு வீட்டால் இறால், இன்னொரு வீட்டால் பயற்றங்காய். கடல் தொழில் இல்லாத வீட்டால் ஒடியல் மா. பலாக்கொட்டை யாழ்ப்பாணத்தில் இருந்து படகில் வர வேண்டும், அதையும் ஒருத்தி ஏற்றுக்கொண்டாள். ஒரு பானைக்குள் எல்லாத் தாயின் கையும் இருக்கும். கோயிலில் பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன, அதில் ஊற்றலாம் என்று சுவாமியார் சொல்லிப் பார்த்தார். கூழைப் போய்ப் பீங்கானிலோ என்று எல்லோரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். பனையோலைப் பிளாதான். குருத்தோலை வெட்டி, மடித்து, ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து பிளா கோலினோம். நானும்தான் கோலினேன். திட்டிக்கொண்டே கோலினேன்.

குழு பிந்தித்தான் வந்தது. குறிகட்டுவானில் படகு புறப்படவே பிந்திவிட்டதாம். உயரமான, நரைத்த மனிதர் ஒருவர் தலைவர். குறிப்பெடுக்க ஒரு பெண். அவர்களோடு கொழும்பில் இருந்து வந்த அரசாங்க அதிகாரி ஒருவர். சோளகக் காற்று எழும்ப முதல் திரும்ப வேண்டும் என்று இறங்குதுறையிலேயே படகோட்டி சொல்லிவிட்டார்.

தலைவர் பள்ளிக்கூடக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, "நீங்கள் தயாரானதும் சொல்லத் தொடங்கலாம்" என்றார். மொழிபெயர்த்தேன். அதற்குள் அவர் கையில் ஒரு பிளா.

பிளாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சரிந்துவிடும். கூழ் முடியும்வரை கையில்தான் இருக்க வேண்டும், அதுவும் சுடுகூழ் என்றால் இரண்டு கையிலும். குறிப்பெடுக்க வந்த பெண் ஒரு கணம் பேனையையும் பிளாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு பேனையைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. எங்களிடத்தில் பிளாவை வெறுமையாக்கினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கையால் மூட வேண்டும். அவர்களோ, அவர்கள் ஊர் மரியாதைப்படி, மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். குடித்து முடிக்க முடிக்க அகப்பை வந்தது.

"இப்போது கேட்கலாமா?" என்றார் தலைவர் மறுபடி.

நான் தாய்மாரைப் பார்த்தேன். "முதல் குடிக்கட்டும் பிள்ளை" என்றார் சங்கத் தலைவி. "சாப்பாட்டுக்கு முன்னாலை அழக்கூடாது."

அது எங்கள் ஊர் வழக்கம். சாப்பிடுகிற ஆளுக்கு முன்னால் துக்கம் கதைக்க மாட்டோம். கதைத்தால் சோறு தொண்டையில் நிற்கும் என்பார்கள். செத்தவீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பாரி நின்றுவிடும். "நீங்கள் முதலில் சாப்பிட்டு முடியுங்கள் என்கிறார்கள்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முடித்தால் கதை கேட்கலாம் என்று அவர்கள் அவசரமாகக் குடித்தார்கள். அவசரமாகக் குடிக்கிறார்களே, நல்ல பசிதான் என்று தாய்மார் இன்னும் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் மொழிபெயர்க்க நான் ஒருத்தி. பொறுமையில்லாத நான் அன்று ஏன் கத்தவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கத்தியிருந்தாலும் சாப்பிட்டு முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதிகாரியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனம் நிறைந்து குடித்தார். உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுக, நண்டுக் காலை உறிஞ்சி, "அம்மா, சூப்பர்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். போனை எடுத்துப் படமும் பிடித்தார். தலைவரின் மீசையில் கூழ், பக்கத்தில் சங்கத் தலைவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். நல்ல படம். அப்படி ஒரு சிரிப்பை அந்த அம்மாவிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போதுதான் ஓட்டி வாசலில் வந்து நின்றார். காற்று எழும்பிவிட்டது, இப்போது புறப்படாவிட்டால் இன்றைக்கு இல்லை என்றார். எல்லோரும் எழும்பினார்கள். அக்கா மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி முன்னால் வந்தாள்.

"ஐயா, என்ரை மகன்..." என்று தொடங்கினாள்.

தலைவர் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். கூழ் பிசுபிசுத்த கைகள். இப்படி ஒரு வரவேற்பைத் தான் எங்கும் கண்டதில்லை, நிச்சயமாகத் திரும்பி வருவோம் என்று சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் ஐயா, போயிட்டு வாங்கோ" என்றாள் அக்கா.

அவர்கள் போய்விட்டார்கள். கழுவிய பானையைக் கவிழ்த்து வைக்கும்வரை மண்டபத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

புரட்டாதியில் குசினி யன்னலடியில் போனைச் சாய்த்து வைத்தோம். குழுவின் அறிக்கை வந்திருந்தது. அதில் தீவுகளைப் பற்றிச் சிறு குறிப்புத்தான். அங்கே மிகுந்த அன்போடு வரவேற்கப்பட்டோம் என்று இருந்தது. பிறகு எங்கள் நாட்டின் முறை வந்தது. பிரதிநிதி ஆற அமர வாசித்தார். நாங்கள் சர்வதேச சமூகத்தோடு ஆக்கபூர்வமாக ஈடுபட்டு வருகிறோம், குழுவுக்குக் கதவுகளை அகலத் திறந்துவிட்டோம், வடக்கின் தீவுகளில்கூட மக்கள் அவர்களை மகிழ்ச்சியோடு உபசரித்ததைக் குழுவே குறிப்பிட்டிருக்கிறது என்று சொன்னார்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. கதவு திறந்ததும் உண்மை, உபசரித்ததும் உண்மை, மகிழ்ச்சியும் அந்த நேரத்தில் உண்மைதான். அந்தப் படத்தையும் எங்கோ போட்டிருந்தார்கள். எங்கள் நண்டும் இறாலும் ஒடியல் மாவும் சபையில் போய் அரசாங்கத்தின் பக்கம் இருந்துகொண்டன.

"பாத்தியோ, நீங்கள் காச்சின கூழ் என்ன செய்திருக்கெண்டு?" என்று அக்காமேல் பாய்ந்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்களுக்கு அழத் தெரியாது, ஊட்டத்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "அவனைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

"அவை கேட்டால்தானே எழுத?"

அவள் பாதி வெட்டிய மீனை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். பவளக்கல் வேலியடியில் கோழிகளுக்குக் குறுணி எறிந்துகொண்டு கனநேரம் நின்றாள். எறிகிற கை நிற்கவே இல்லை. கோழிகள் தின்று முடித்துப் போய்விட்டன.

அடுத்த வருடம் ஆனியில் மறுபடி செய்தி வந்தது. இம்முறை ஒரே ஒருத்திதான் வருகிறாள். மண்டபத்தில் கூடியபோது அக்காவே எழுந்து பேசினாள். அப்படிக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவள் இல்லை அவள்.

"இந்த முறை கூழும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. எல்லாரும் சொல்லி முடிக்கும்வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. சொல்லிப்போட்டுத்தான் மற்றது" என்றாள்.

"தண்ணி கூடவோ பிள்ளை?" என்றார் சங்கத் தலைவி.

"தண்ணி குடுத்தால் தேத்தண்ணி குடுப்பம். தேத்தண்ணி குடுத்தால் ஏதும் கடிக்கக் குடுப்பம். எங்களை எனக்குத் தெரியும்."

யாரும் மறுக்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் என் அக்காவுக்கு ஜெனிவா விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மண்டபத்து மூலையில் எப்போதும் இருக்கும் தண்ணீர்க் குடத்தைக்கூட அக்கா காலையிலேயே சுவாமியாரின் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டாள். பார்த்தால் கை போய்விடும் என்றாள்.

வந்தவள் சின்னப் பெண். எங்கள் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்புப் பிள்ளை போல முகம். அன்று சோளகம் காலையிலேயே எழும்பிவிட்டது. வழி முழுக்க வாந்தி எடுத்திருந்தாள். உதடு வெளுத்து, தலைமயிர் உப்பில் ஒட்டி, நடக்கும்போது தரை இன்னும் ஆடுகிறது போலக் கையை விரித்து நடந்தாள். கூட வந்தவர் அதே அதிகாரி. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னிக்கு கூழ் இல்லையா, அம்மா?"

பாவம், உண்மையாகவே எதிர்பார்த்து வந்திருக்கிறார்.

அக்கா வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து, பேனையைத் திறந்ததும் தொடங்கிவிட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அன்று அவன் என்ன உடுத்துப் போனான், எஞ்சினுக்கு என்ன சாமான் வேண்டியிருந்தது, எந்த இடத்தில் பஸ் நின்றது, யார் கண்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், பிறகு எந்தெந்த வாசலில் தான் நின்றாள், அங்கே என்ன சொல்லி அனுப்பினார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னாள். எனக்குத்தான் ஆங்கிலம் இரண்டு இடத்தில் அறுந்துபோயிற்று. நான் அவனைப் பற்றி அவ்வளவு நீளமாகக் கேட்டதே அன்றுதான்.

நடுவில் அந்தப் பெண் என் பக்கம் சரிந்து, மிகவும் மெதுவாக, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். தன் போத்தல் படகில் எங்கோ உருண்டு போய்விட்டதாம்.

"அக்கா, தண்ணி கேக்கிறா" என்றேன்.

அக்காவின் கை எழும்பியது. பழகிய கை. குடம் இருந்த மூலைக்குத் தலையும் திரும்பியது. பிறகு கையை மடியில் வைத்து மற்றக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லி முடியட்டும்" என்றாள்.

அவர்கள் சொல்லி முடிக்கட்டும் என்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள். மன்னிப்பும் கேட்டாள். நாக்கால் உதட்டைத் தடவிவிட்டு எழுதத் தொடங்கினாள். அக்காவுக்குப் பிறகு சங்கத் தலைவி, அவருக்குப் பிறகு மற்றவர்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண் நிமிரவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தாள்.

கடைசித் தாய் சொல்லி முடிக்கவும் ஓட்டி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கடல் குழம்பிவிட்டது, இனி ஒரு நிமிஷமும் நிற்க ஏலாது என்று கத்தினார். அந்தப் பெண் எழுதியதையெல்லாம் நனையாமல் பொலித்தீன் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதிகாரி அவளை வாகனத்தில் ஏற்றினார். அக்கா சுவாமியாரின் வீட்டுக்கு ஓடினாள். செம்பை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது வாகனம் மாவிலித்துறைக்குப் போகும் வழியில் புழுதியாகத் தெரிந்தது.

அக்கா யாரோ ஒரு பெடியனின் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு போனாள். நான் பின்னால் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். படகு இறங்குதுறையை விட்டுவிட்டிருந்தது. செம்பில் இருந்த தண்ணீரில் பாதி அக்காவின் சேலையில். படகில் இருந்து அந்தப் பெண் இவளைக் கண்டுவிட்டாள். வழியனுப்பத்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கி ஆட்டினாள். அக்காவுக்குக் கை ஆட்ட முடியவில்லை, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருந்தாள்.

திரும்பி வரும்போது நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எவ்வளவு அருமையாகச் சொன்னாய், ஒரு சொல்லும் விடாமல் எழுதிவிட்டாள், இம்முறை நிச்சயம் வரும் என்றேன். மிச்சத் தண்ணீரை அக்கா கொட்டவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

வந்தது. புரட்டாதியில், மாப்பேணிக்கும் உப்புப் போத்தலுக்கும் நடுவில் இருந்து, அத்தனை நாடுகளும் கேட்டுக்கொண்டிருக்க, அந்தச் சபையில் வாசித்தார்கள். நெடுந்தீவில் ஒரு தாய், எஞ்சின் சாமான் வாங்கப் போன மகன், பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்டதைக் கண்டவர்கள். பெயர் இல்லை. ஆனால் எஞ்சின் சாமான்கூட இருந்தது. நான் சொன்ன ஆங்கிலச் சொற்களே சில இருந்தன.

எங்கள் நாட்டின் பிரதிநிதி மறுமொழி சொன்னார். குறிப்பிட்ட விடயங்களைக் கவனத்தில் எடுக்கிறோம், உள்நாட்டுப் பொறிமுறைகள் ஊடாகப் பார்ப்போம், தொடர்ந்தும் ஆக்கபூர்வமாக ஈடுபடுவோம் என்றார். ஒரு கணம் தாளில் இருந்து கண்ணை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குவளை எப்போதும் இருக்கும்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "அக்கா, சொல்லிட்டினம்! எங்கடையாக்கள் மறுமொழியும் சொல்லிட்டினம்!" என்று கத்தினேன். நானே எங்கடையாக்கள் என்று சொல்லிவிட்டது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"திரும்பப் போடு" என்றாள் அக்கா.

போட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ஓம், ஓம் என்று தலையாட்டினாள். முடிந்ததும் கத்தியை மறுபடி எடுத்து, அலகை முந்தானையால் துடைத்தாள். அழப்போகிறாள், இத்தனை வருட அழுகையையும் இனி அழட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளை தண்ணி குடிக்காமல் போனதை எழுதியிருக்கினமோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. அதை ஏன் எழுதுவினம்?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அப்ப நான் குடுக்காமல் விட்ட அண்டைக்கு அவனுக்கு ஆரடி தண்ணி குடுத்திருப்பினம்?" என்றாள்.